ஆஸ்பத்திரியில் பிழை நடந்தால் ஆஸ்பத்திரியே முதலில் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்கள் பத்திரிகையில் வருடத்துக்குப் பலமுறை ஒரே செய்தி வருகிறது, பெயரும் ஊரும்தான் மாறும். வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர் உயிரிழப்பு, உறவினர்கள் குற்றச்சாட்டு. அடுத்த நாள், விசாரணைக் குழு நியமனம். அதற்குள் முகப்புத்தகத்தில் ஒரு பகுதி டொக்டரைத் தூக்கில் போடச் சொல்லும், இன்னொரு பகுதி டொக்டர்மார் கடவுளுக்குச் சமம் என்று எழுதும், பிறகு வேறு ஏதாவது செய்தி வந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அந்த விசாரணைக் குழு என்ன கண்டுபிடித்தது? எந்த வாட்டில் எந்த நடைமுறையை மாற்றினார்கள்? ஆறு மாதம் கழித்துப் போய் இதைக் கேட்டு எழுதிய பத்திரிகை எதுவும் என் கண்ணில் படவில்லை, உங்களுடையது உட்பட. கோபிக்க வேண்டாம், உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, ஆனால் கடிதத்தின் கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். சிகிச்சையில் ஒரு பிழை நடந்தால் அதை வெளியில் இருந்து யாரோ தோண்டி எடுக்கும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலையே முதலில் நோயாளிக்கும் வீட்டாருக்கும் சொல்ல வேண்டும், பிறகு அது ஏன் நடந்தது என்று பார்த்து, என்ன மாற்றினோம் என்று ஊருக்கும் சொல்ல வேண்டும். இது நடக்காதவரை புதுக் கட்டடம், புது ஸ்கான் மெசின், நாடா வெட்டுதல் எல்லாம் வந்தாலும் வாட்டுக்குள் இருக்கும் ஆபத்து அப்படியேதான் இருக்கும்.

எங்கள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியைப் பற்றி இளக்காரமாக எழுத எனக்கு மனம் வராது. 1850 இல் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் தொடங்கிய இடம் அது. 1987 ஒக்டோபரில் நோயாளிகளும் வைத்தியர்களும் தாதியரும் அதற்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதற்குப் பிறகும் அது இயங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாத 90களில், மருந்து வருமா வராதா என்று தெரியாத காலத்தில், அங்கே பிறந்த பிள்ளைகள் இன்று முப்பது வயதில் நிற்கிறார்கள். அந்த நன்றி எங்களுக்கு இருக்கிறது. ஆனால் அதே நன்றியும் பயமும் சேர்ந்துதான் எங்கள் வாயையும் அடைத்து வைத்திருக்கின்றன என்று எனக்குச் சில நேரம் தோன்றும். டொக்டரிடம் இது என்ன ஊசி என்று கேட்டால் மரியாதைக் குறைவு. தாதி மிஸ்ஸிடம் இரண்டாம் தரம் கேட்டால் ஏச்சு. சரி, பேசாமல் இருப்போம் என்று இருந்துவிடுகிறோம்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள வருத்தம் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கின்படி சிகிச்சைக்குப் போகும் பத்துப் பேரில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையாலேயே ஏதோ ஒரு பாதிப்பு வருகிறது, உலகம் முழுக்க வருடத்துக்கு 30 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதுகாப்பில்லாத சிகிச்சையால் இறக்கிறார்கள். அந்தப் பாதிப்புகளில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக் கூடியவை, தவிர்த்திருக்கக் கூடியவற்றில் ஏறக்குறையப் பாதி மருந்துகளால் வந்தவை. இதற்காகத்தான் 2019 இல் செப்டெம்பர் 17 ஐ உலக நோயாளர் பாதுகாப்பு தினமாக அறிவித்தார்கள். இங்கேயும் அன்று பதாகை கட்டுகிறார்கள், கூட்டம் வைக்கிறார்கள். நல்லது. மற்ற நாட்களில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

மருந்து என்றதும் எனக்கு எங்கள் மாமியின் ஞாபகம்தான் வரும், எந்த ஆஸ்பத்திரி, எந்த டொக்டர் என்று நான் எழுதப் போவதில்லை, அது எனக்கு முக்கியமும் இல்லை. மாமிக்குப் பிரசரும் சீனி வருத்தமும். அரச கிளினிக்கில் மாதம் மாதம் மருந்து எடுக்கிறவா. இடையில் ஒருநாள் தலைப்பாரம் கூடவே, கிளினிக் திகதிவரை பொறுக்க ஏலாது என்று பின்னேரம் ஒரு தனியார் இடத்தில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நம்பர் எடுத்து, டொக்டரிடம் காட்டினோம். எங்கள் கதையைத் தெரியாதவர் யாழ்ப்பாணத்தில் இருக்க மாட்டார், எல்லா வீட்டிலும் காலையில் அரச கிளினிக், பின்னேரம் தனியார் சனல், அரைவாசி நேரம் இரண்டு இடத்திலும் இருப்பவர் ஒரே டொக்டர். நான் கிளினிக் கொப்பியை மேசையில் வைத்தேன். வெளியில் நாற்பது பேர் இருக்கிறார்கள், அவர் கொப்பியைத் திறக்கவில்லை, பிரசரைப் பார்த்தார், புதுத் துண்டு எழுதினார், அடுத்த நம்பரைக் கூப்பிட்டாயிற்று.

பிரசருக்கு அரச கிளினிக்கில் கிடைத்தது லோசாட்டான் என்று மருந்தின் சொந்தப் பெயரில் வந்த வெள்ளைக் குளிசை. தனியார் பாமசியில் கிடைத்தது கம்பனி வைத்த பெயரில், வேறு நிறத்தில், பளபளப்பான அட்டையில். இரண்டும் ஒரே மருந்து என்று எழுபத்தாறு வயது மனுசிக்கு எப்படித் தெரியும்? இரண்டையும் ஒழுங்காகக் குடித்தா, ஒரு நேரம் தவறவிடாமல். சில கிழமையில் விடியக்காலை எழும்பிக் குசினிக்குப் போகும்போது தலை சுற்றி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அனுமதித்தபோது கொண்டு போன மருந்துப் பையைப் பார்த்து இரண்டையும் அப்படியே தொடர எழுதினார்கள். பல பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வெளியில் வேறு மருந்து வாங்கப் போன இடத்தில், பாமசியில் நின்ற ஒரு தம்பிதான் அட்டையையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அக்கா இது இரண்டும் ஒன்றுதானே என்றான்.

வாட்டில் போய்ச் சொன்னேன். ஒன்றை வெட்டினார்கள், அவ்வளவுதான். வயது போன ஆட்கள் விழுகிறது வழமைதானே என்று ஒரு பதிலும் கிடைத்தது. பிரசர் ஏன் அவ்வளவு இறங்கியது என்று யாரும் எழுதவில்லை, இரண்டு இடத்து மருந்தும் கலந்துபோனதாக எந்தப் பதிவிலும் இல்லை. காகிதத்தில் பார்த்தால் மாமி வயதால் விழுந்தவா. இப்படி எத்தனை பேர் வயதால் விழுந்திருப்பார்கள் என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

இதற்குப் பெரிய காசு வேண்டாம். நோயாளியின் கையில் ஒரே ஒரு மருந்துக் கொப்பி, அரசானாலும் தனியாரானாலும் அதில்தான் எழுத வேண்டும், மருந்தின் சொந்தப் பெயரில், வாசிக்கக் கூடிய எழுத்தில். அனுமதிக்கும்போதும் வீட்டுக்கு விடும்போதும் ஒருவர் அந்தக் கொப்பியையும் பையில் உள்ள மருந்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதற்குப் பொருத்தமானவர் மருந்தாளர், அவரை யன்னலுக்குப் பின்னால் மட்டும் இருத்தி வைத்திருக்கிறோம். சின்னக் கடதாசி உறையில் இரண்டு கோடு கீறித் தருகிறார்களே, அதை வீட்டில் இருக்கும் வயது போனவர் விளங்கிக்கொண்டாரா என்று கேட்பதற்கு அரை நிமிடம் போதும். மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 19 ஆம் நூற்றாண்டிலேயே எங்கள் பெடியங்களுக்குத் தமிழில் மருத்துவம் படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த ஊரில் இன்று ஒரு குளிசையை எப்போது குடிப்பது என்று தமிழில் தெளிவாக எழுதித் தர நேரமில்லை என்றால் என்ன சொல்ல.

கிறீன் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. அவர் இலங்கைக்கு வந்த அதே 1847 இல்தான் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரசவ விடுதிக்குள் போகுமுன் குளோரின் கலந்த நீரில் கையைக் கழுவுங்கள் என்று சக வைத்தியர்களைக் கட்டாயப்படுத்தினார், பிரசவக் காய்ச்சலில் இறக்கும் தாய்மாரின் தொகை மளமளவென்று குறைந்தது. அவர் சொன்னதைக் கேட்கப் பெரிய வைத்தியர்களுக்குப் பிடிக்கவில்லை, எங்கள் கை அழுக்கு என்கிறாயா என்று கோபம் வந்தது. இன்றைக்கும் ஒரு கட்டிலில் இருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போது கை கழுவுகிறார்களா என்று வாட்டில் நின்று பாருங்கள். சில பேர் ஒழுங்காகச் செய்கிறார்கள். சில இடத்தில் கழுவ நினைத்தாலும் பைப்பில் தண்ணீர் வராது, சவர்க்காரம் இருக்காது, அதற்குத் தாதியை ஏசிப் பயனில்லை.

சத்திரசிகிச்சைக்கு உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது, 19 விடயங்கள். மயக்க மருந்து கொடுக்குமுன், வெட்டுமுன், நோயாளியை வெளியில் எடுக்குமுன் என்று மூன்று தரம் எல்லாரும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இவர் யார், எந்தப் பக்கம் வெட்டப் போகிறோம், எந்த மருந்துக்கு ஒவ்வாமை, உள்ளே வைத்த துணியும் ஊசியும் எண்ணிக்கை சரியா. எட்டு நாடுகளில், புது டெல்லி, மணிலாவில் இருந்து லண்டன், ரொறன்ரோ வரை எட்டு நகரங்களில் இதைச் செய்து பார்த்து 2009 இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்தில் இருந்து 0.8 ஆகக் குறைந்தது, சிக்கல்கள் 11 சதவீதத்தில் இருந்து 7 ஆக. ஒரு தாளும் பேனையும் செய்த வேலை. ஆனால் அந்தத் தாளை உண்மையிலேயே நின்று வாசித்தால்தான் அது வேலை செய்யும், எல்லாம் முடிந்தபிறகு ஒரேயடியாகச் சரி அடையாளம் போட்டு அடுக்கினால் அது வெறும் தாள்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வெளிநாட்டுக் கதை இங்கே சரிவராது என்று யாராவது சொல்லுவார்கள். எங்கள் நாட்டிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறோம். 1940களின் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள், இப்போது அது முப்பதை அண்டிய தொகை. மலேரியா ஒழிப்பு, இரத்த வங்கி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, ஊர் ஊராகச் சைக்கிளில் போன குடும்பநல உத்தியோகத்தர்கள் என்று பல காரணம் உண்டு. ஆனால் அவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. ஒரு தாய் இறந்தால் அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும், வீட்டில் இருந்து ஆஸ்பத்திரிவரை என்ன நடந்தது என்று ஒவ்வொரு மரணத்தையும் உட்கார்ந்து ஆராய வேண்டும், பிறகு அது தேசிய மட்டத்திலும் மீளாய்வுக்குப் போகும். வண்டி பிந்தியதா, இரத்தம் இல்லையா, அபாய அறிகுறியை யாராவது கவனிக்கவில்லையா, எதைத் திருத்தினால் அடுத்த தாய் பிழைப்பாள் என்று பார்ப்பதுதான் அந்தக் கூட்டத்தின் வேலை, ஆளைத் தண்டிப்பது இல்லை. பல வருடம் விடாமல் செய்த வேலை இது. பக்கத்து நாடுகள் எங்களைப் பார்த்துப் படிக்கின்ற விடயம்.

அப்படியென்றால் பிரசவ விடுதிக்குச் செய்ததை மற்ற வாட்டுகளுக்கு ஏன் அதே கண்டிப்போடு செய்ய ஏலாது? சுகாதார அமைச்சில் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் என்று தனிப் பணியகம் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிகளில் தர முகாமைத்துவப் பிரிவு இருக்கிறது, பாதகமான சம்பவம் நடந்தால் நிரப்பி அனுப்பப் படிவமும் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது, ஆனால் படிவத்தை நிரப்பினால் நாளைக்கு எனக்கே ஆப்பு என்று தாதி பயந்தால் யார் நிரப்புவார்? இரவுக் கடமையில் ஒரு தாதி, வாட்டு நிறைந்து கட்டிலுக்குக் கீழும் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன டொக்டர்மாரின் இடம் நிரம்பவில்லை, இருப்பவர் நித்திரை இல்லாமல் நிற்கிறார். ஒரே மாதிரிப் போத்தலில் இரண்டு மருந்து பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பிழை நடக்கத்தான் செய்யும், அந்தத் தாதியை இடமாற்றினாலும் அடுத்து வருகிறவரும் அதே அலுமாரியைத்தான் திறப்பார்.

இதற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பதிவைத் திருத்தி எழுதுகிறவர், கடமை நேரத்தில் தனியாரில் நிற்கிறவர், கூப்பிட்டும் வராதவர், இவர்களுக்குச் சட்டம் இருக்கிறது, மருத்துவ சபை இருக்கிறது. களைப்பிலும் நெரிசலிலும் நடந்த பிழையை உடனே வந்து சொன்னவரையும் இவர்களையும் ஒரே கூட்டில் நிறுத்தினால், அடுத்த முறை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

2023 இல் காய்ச்சலுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரு சின்னப் பிள்ளை யாழ்ப்பாணத்தில் கையை இழந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அது நீதிமன்றம்வரை போன விடயம், பிழை யாருடையது என்று சொல்வது என் வேலை இல்லை. நான் கேட்பது வேறு. அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரிகளில் பிள்ளைக்குக் கனுலா, அதாவது மருந்து ஏற்றும் ஊசிக்குழாய், போடும்போது, விரல் குளிர்ந்தால், நிறம் மாறினால், வீங்கினால், பிள்ளை நோகுது என்று விடாமல் அழுதால் உடனே கூப்பிடுங்கள் என்று தாய்க்குச் சொல்கிறார்களா? தாய் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்துக்குள் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்று எங்காவது எழுதி ஒட்டியிருக்கிறதா? 2024 யூலையில் சாவகச்சேரியில், ஆஸ்பத்திரியின் குறைகளை வெளியில் சொன்ன பதில் அத்தியட்சகருக்கு ஆதரவாகச் சனம் ஆஸ்பத்திரி வாசலில் திரண்டது. அவ்வளவு சனத்தின் கோபமும் கடைசியில் இவரா அவரா என்ற ஆள் சண்டையாகச் சுருங்கிப் போனதைப் பார்க்க எனக்குக் கவலையாக இருந்தது.

கொழும்பில் நடந்த மருந்து ஊழலைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, தரமில்லாத இமியூனோகுளோபியூலின் என்ற ஊசி மருந்து விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதானார். வாட்டில் இருக்கும் டொக்டர் அதைத் தடுக்க ஏலாது, ஆனால் ஒரு மருந்து ஏற்றியதும் நோயாளிக்கு ஏதோ பிழை என்று கண்டால் தொகுதி இலக்கத்தோடு உடனே அறிவிக்க ஏலும்.

தனியார் பக்கம் நிலைமை இன்னும் இருட்டு. 2006 இல் தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவுசெய்யச் சட்டம் வந்தது, ஒழுங்குபடுத்தும் சபையும் இருக்கிறது, ஆனால் அங்கே ஒரு பிழை நடந்தால் ஊரில் உள்ளவன் யாரிடம் போவது என்று பத்துப் பேரிடம் கேளுங்கள், ஒருவருக்கும் தெரியாது. பில்லில் பஞ்சுக்கும் கையுறைக்கும் தனித்தனியாகக் காசு போட்டிருப்பார்கள், நோயாளிக்கு என்ன நடந்தது, என்ன மருந்து ஏற்றினோம் என்று இரண்டு வரி கேட்டால் இருக்காது. நிலைமை கைமீறினால் இரவோடு இரவாக நோயாளர் காவு வண்டியில் அரச ஆஸ்பத்திரிக்கு ஏற்றி விடுவார்கள், கூடவே ஒரு ஒழுங்கான கடிதம் வருவதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நெடுந்தீவில் இருந்து படகில் ஏற்றிக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வண்டியில் வரும் நோயாளிக்கு அந்தக் கடிதம் எவ்வளவு முக்கியம் என்று தீவுப்பகுதிச் சனத்தைக் கேட்டால் சொல்லுவார்கள்.

எங்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊசி போடாத டொக்டரை டொக்டராக மதிக்க மாட்டோம், சேலைன் ஏற்றினால்தான் சுகம் வரும் என்று அடம்பிடிப்போம், பார்வையாளர் நேரத்தில் பத்துப் பேர் போய் நோயாளியின் கட்டிலில் ஏறி இருந்து இடியப்பம் சாப்பிடுவோம். ஏதாவது நடந்தால் முதல் வேலை கைத்தொலைபேசியை எடுத்து நேரலை போடுவது. வெளியில் இருபது பேர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே எந்த டொக்டர் வந்து, அம்மா இங்கே ஒரு பிழை நடந்துவிட்டது என்று சொல்லுவார்?

ஆனாலும் முதலில் இறங்கி வர வேண்டியது ஆஸ்பத்திரிதான், ஏனென்றால் பதிவும் அதிகாரமும் அவர்களிடம் இருக்கின்றன. இங்கிலாந்தில் 2014 இல் இருந்து இது சட்டமே, சிகிச்சையில் பெரிய பாதிப்பு நடந்தால் ஆஸ்பத்திரி தானாக நோயாளிக்கு அல்லது வீட்டாருக்குச் சொல்ல வேண்டும், வருத்தம் தெரிவிக்க வேண்டும், என்ன கண்டுபிடித்தோம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். இங்கே அப்படியொரு சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஒரு பணிப்பாளர் நினைத்தால் நாளைக்கே தன் ஆஸ்பத்திரியில் தொடங்கலாம். ஒரு மூத்த வைத்தியர், ஒரு நாளைக்குள், ஒரு அறையில் கதிரை போட்டு இருத்தி, தமிழில், தெரிந்தது இது, இன்னும் பார்க்க வேண்டியது இது என்று சொன்னால் அரைவாசிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். எங்கள் சனம் வழக்குப் போட அலைகிற சனம் இல்லை. பிள்ளை எப்படிச் செத்தது என்று தெரியாமல் வருடக்கணக்கில் வேகுகிற தாய்மாரைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, ஆசிரியரிடம் கேட்பதாகச் சொன்னது. 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்கிறார், விண்ணப்பம் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். ஒருவரின் மருத்துவப் பதிவை அவருடைய சம்மதம் இல்லாமல் மற்றவர் கேட்டுப் பெற ஏலாது, அது சரியும்தான். ஆனால் பெயர்கள் இல்லாமல் கேட்கலாம். வடமாகாணத்தின் ஒவ்வொரு ஆதார வைத்தியசாலைக்கும், மாவட்ட வைத்தியசாலைக்கும், போதனா வைத்தியசாலைக்கும் உங்கள் பத்திரிகை ஒரு விண்ணப்பம் அனுப்பட்டும். கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை விசாரணைக் குழு நியமித்தீர்கள், எத்தனை அறிக்கை தந்தன, அவற்றில் சொன்ன திருத்தங்களில் எதைச் செய்தீர்கள், எதைச் செய்யவில்லை. வந்த பதிலை வந்தபடி போடுங்கள், பதில் வராத ஆஸ்பத்திரியின் பெயரையும் போடுங்கள். திருத்தம் செய்த ஆஸ்பத்திரி ஏதாவது இருந்தால் அதை முதற்பக்கத்தில் போடுங்கள், இப்படி ஒரு செய்தியை முதற்பக்கத்தில் வாசித்து எனக்கு ஞாபகம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோண்டாவில்.